தலையைத் தூக்கினால் கால் இறங்கும்

கம்பியை விட்டால் போதும், மற்றதைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும் என்று மெர்லின் மிஸ் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். சொல்வதற்கென்ன, தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து நடப்பதற்கு முன்னால் நீந்தினவள், அவள் சொல்லுவாள். வடிவு மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு சுவரோரத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நீச்சல் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கம்பிதான் அவளுக்கு நீச்சல். குளத்துப் பொடிசுகள் அவளுக்குக் கம்பி ஆன்ட்டி என்று பேர் வைத்துவிட்டன. வைத்தது தன் மகள் தர்ஷிகாவாக இருந்துவிடக் கூடாதே என்று ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போயிருக்கிறாள். ஆழத்தைப் பிரிக்கிற கயிற்றுக்கு அந்தப் பக்கம் செண்பகவல்லி மிதந்துகொண்டிருந்தாள். வடிவின் புருஷனுக்கு அண்ணன் பெண்டாட்டி, பாளையங்கோட்டையில் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் பத்து வருஷத்துக்கு மேலாகச் சேர்ந்து சமைக்கிற ஓரகத்தி, கையையும் காலையும் நாலு பக்கமும் பரத்திப் போட்டு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்தவளைப் போலக் கிடந்தாள். அந்த வயிறும் அந்தத் துடையும். முழங்கால் வரைக்கும் ஒட்டிப் பிடிக்கிற நீச்சல் உடுப்பு வேறு. இந்த உடம்புக்கு இந்த உடுப்பா என்று வாங்கின அன்றைக்கு வடிவு சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. இப்போது சிரிப்பு வரவில்லை. முட்டை நல்லதா கெட்டதா என்று எதில் போட்டுப் பார்க்கிறோம், தண்ணீரில்தானே? நல்ல முட்டை அடியில் போய் உட்காரும், கூமுட்டைதான் மிதக்கும். விதைநெல்லிலும் பதர்தானே மேலே வருகிறது. இப்படி நினைத்துக் கொஞ்சம் ஆறுதல்பட்டுக்கொண்டாள், பட்டுக்கொண்ட அதே நொடியில் கூமுட்டை என்ற சொல் திரும்பி வந்து அவளையே சுருக்கென்று குத்தியது. பிள்ளையில்லாத ஒருத்தியைப் பார்த்து நினைக்கிற சொல்லா அது? வாய் திறந்து சொல்லவில்லைதான். ஆனாலும் யாராவது கேட்டுவிட்டார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தாள்.

யாரும் கேட்கவில்லை. பெண்களும் பிள்ளைகளும் மட்டும் வருகிற சாயங்கால நேரம், தகரக் கூரைக்குக் கீழே அத்தனை கூச்சலும் மோதி எதிரொலித்தது. வடிவு சாத்தான்குளத்துக்காரி. செண்பகவல்லி கோவில்பட்டிக்காரி. ஒரு ஊரில் செம்மணல் தேரி, ஒரு ஊரில் கரிசல் மண், இரண்டிலும் குடிக்கவே தண்ணீர் வண்டிதான் வரவேண்டும், இதில் குளிக்கவும் நீந்தவும் எங்கே போவது? தண்ணியில்லாத காட்டிலிருந்து எடுத்த மருமகள்கள் என்று மாமனார் இருந்த காலத்தில் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கேலி பண்ணுவார். ஆகையால் ஆரம்பத்தில் இரண்டு பேரும் சமம். முட்டுவலிக்குத் தண்ணீரில் நடந்தால் நல்லது என்று டாக்டர் சொன்னார் என்று செண்பகவல்லிதான் பேச்சை எடுத்தாள், கோடை வகுப்பில் பிள்ளையையும் சேர்ப்போம், ஆபீஸ் விட்டு வந்ததும் நீயும் வா என்று இவளையும் இழுத்தாள். முதல் நாள் செண்பகவல்லி ஏணியில் இறங்க இறங்க, ஓரத்து வாய்க்காலில் தண்ணீர் தளும்பி வழிந்தது. பெண்கள் எல்லாம் சிரித்தார்கள், முதலில் சிரித்தது வடிவு. செண்பகவல்லியும் சேர்ந்து சிரித்தாள். எவ்வளவு தண்ணீரை விலக்குகிறோமோ அவ்வளவு எடைக்குத் தண்ணீர் நம்மைத் திருப்பி மேலே தள்ளும் என்று மெர்லின் மிஸ் அப்போது சொன்னாள், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கினதுதான். அது இப்படி நடுக்குளத்தில் வந்து பழிவாங்கும் என்று யார் கண்டது? செண்பகவல்லி மல்லாந்தாள், மிதந்தாள். அவ்வளவுதான் கதை. வடிவு மல்லாந்தாள், முங்கினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்ன உடம்பு, நூல் மாதிரி என்று பேர் எடுத்தவள், பிள்ளை பெற்ற பிறகும் கல்யாண ஜாக்கெட்டைப் பிரிக்காமல் போடுகிறவள், எலும்பும் நரம்புமாகக் கட்டுவிடாத உடம்பு, அந்த உடம்பு அம்மிக்கல்லாக நேரே அடிக்குப் போயிற்று. கொழுப்பு மிதக்கும், எலும்பு முங்கும் என்றாள் மிஸ். ஊரெல்லாம் பாராட்டின உடம்பைத் தண்ணீருக்குப் பிடிக்கவில்லை.

ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் துறைமுகம் தெரியும். வடிவு தூத்துக்குடியில் ஒரு சரக்கு ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறாள். காலையில் பிள்ளை எழுந்திருக்கும் முன் பஸ் ஏறி, பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பி வருகிறவள். அத்தனை இரும்பையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு கப்பல் அசையாமல் நிற்கும். மேஜையிலிருந்து ஒரு குண்டூசியைத் தண்ணீர் டம்ளரில் போட்டால் முங்கிப்போகும். அதை ஒரு நாள் உண்மையாகவே போட்டுப் பார்த்தாள். பக்கத்துச் சீட்டுப் பெண், என்ன மேடம் சோதனை என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள். கப்பலுக்குள் காற்று இருக்கிறது, இடம் இருக்கிறது, அதுதான் காரணம் என்று தெரியும். தெரிந்து என்ன? செண்பகவல்லிக்குள்ளும் இடம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் தர்ஷிகா போய் உட்கார்ந்துகொண்டாள். தலை பின்னிவிட அவள், தோசைக்கு நெய் விட அவள், பல் விழுந்தால் காட்டுவதற்கு அவள். போன ஐப்பசியில் காய்ச்சலில் கிடந்தபோது வடிவு ரெண்டு நாள் லீவு போட்டுப் பக்கத்திலேயே இருந்தாள், நெற்றியில் துணி நனைத்துப் போட்டாள், பிள்ளை கண்ணைத் திறக்காமல் பெரிம்மா என்றது. காய்ச்சலில் பிதற்றுவதற்கெல்லாம் கணக்கு வைக்க முடியுமா என்று புருஷன் நயினார் சொன்னார். முடியும், வடிவுக்கு முடியும். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள். தூத்துக்குடியில் வீடு பார்த்தாயிற்று, ஜூனில் பிள்ளைக்கு அங்கேயே பள்ளிக்கூடம், சாவி கைப்பையின் உள்ஜிப்பில் கிடக்கிறது. கிளம்புகிற வாரத்தில் சொல்லிக்கொள்ளலாம், அதுவரைக்கும் அண்ணனிடம்கூட மூச்சுவிடக் கூடாது என்று நயினாரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். செண்பகவல்லி அக்கா எதிரில் வந்தால் அந்தச் சாவி கைப்பைக்குள்ளிருந்தே கனக்கும். நான் பெற்ற பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போகிறேன், இதில் என்ன திருட்டு என்று கேட்டுக்கொள்வாள். யாரும் திருட்டு என்று சொல்லாதபோது ஏன் கேட்டுக்கொள்கிறோம் என்பதற்கு மட்டும் பதில் கிடைக்காது.

இன்றைக்கு வகுப்பின் கடைசி நாள். பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஆழத்தில் குதிக்க வேண்டும். பிடிக்க மிஸ் இருப்பாள், ஆனால் பயம் தெளிய வீட்டு முகம் ஒன்று தண்ணீருக்குள் இருந்தால் நல்லது, யார் இருப்பார்கள் என்று பிள்ளைகளையே கேட்டிருக்கிறாள். நேற்று ராத்திரிச் சாப்பாட்டில் இட்லியைப் பிட்டுக்கொண்டே தர்ஷிகா சொன்னாள்.

"நான் பெரிம்மா பேரைச் சொல்லிட்டேன்."

"ஏன், அம்மா இல்லையா?"

"நீதான் கம்பியை விடமாட்டியே."

குறும்பாகச் சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். மழை வருது என்பது போலச் சொன்னாள். செண்பகவல்லி சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்து, "அம்மா நாளைக்கு விட்டிருவா, பாரேன்" என்றாள். அந்த வக்காலத்துதான் வடிவுக்கு ஆகவில்லை. இவள் ஏன் எனக்காகப் பேச வேண்டும்? சண்டைக்கு வந்தால் சண்டை போடலாம். அடுப்படியில் பாத்திரத்தை ஓங்கி வைக்கலாம், ரெண்டு நாள் பேசாமல் இருக்கலாம், ஓரகத்திகள் என்றால் உலகத்தில் அப்படித்தானே இருக்கிறார்கள். இவள் ஒரு வார்த்தைகூடக் குறையாகப் பேசமாட்டேன் என்கிறாள். கோபத்துக்குக் கால் ஊன்ற இடமே கொடுக்கமாட்டேன் என்கிறாள். அதனால்தான் ராத்திரியெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒன்றையே நினைத்தாள்: நாளைக்குக் கம்பியை விட வேண்டும், விட்டுவிட்டு மிதந்து கயிற்றைத் தாண்டி அந்தப் பக்கம் போக வேண்டும், பிள்ளை குதிக்கும்போது அவள் கண்ணுக்கு முன்னால் என் முகம் இருக்க வேண்டும். முகம் ஒன்று போதும். மற்ற எல்லாவற்றையும் அக்காவே வைத்துக்கொள்ளட்டும்.

விட்டாள். மூச்சை இழுத்து நெஞ்சை நிரப்பிக்கொண்டு, கையை எடுத்து, பின்னால் சாய்ந்தாள். தண்ணீர் முதுகை ஏந்தியது, ஏந்தியது போலத்தான் இருந்தது, கால் தானாக எழும்பி வந்தது, அடடா என்று நினைத்தாள். காதுக்குள் தண்ணீர் புகுந்து உலகம் அடைத்துக்கொண்டது. ஆழத்துப் பக்கம் தர்ஷிகாவின் உதடு அசைவதும் செண்பகவல்லி அவளை அண்ணாந்து பார்த்துச் சிரிப்பதும் கடைக்கண்ணில் பட்டது. என்ன சொன்னாள்? எதற்குச் சிரிக்கிறார்கள்? கம்பி ஆன்ட்டி என்றாளா? கேட்பதற்காகத் தலையைத் தூக்கினாள். தூக்கியதும் இடுப்பு மடங்கியது, கால் கீழே போயிற்று, கத்திவிட்டதில் மூச்சும் போயிற்று, மூக்கில் வாயில் எல்லாம் பிளீச்சிங் பவுடர். தடதடவென்று கையை அடித்துக் கம்பியைப் பிடித்து இருமினாள். சுடிதார் பேன்ட் இரண்டு காலிலும் தண்ணீரைக் குடித்துவிட்டு இழுத்தது, மார்பில் குறுக்கே முடிந்திருந்த துப்பட்டா அவிழ்ந்து கழுத்தைச் சுற்றியது. மெர்லின் மிஸ் ரெண்டே எட்டில் நீந்தி வந்துவிட்டாள்.

"வடிவக்கா, எத்தனை தடவை சொல்லுதேன்? தலையைத் தூக்குனா கால் இறங்கும். காது ரெண்டும் முங்கட்டும். கூரையைப் பாருங்க. அந்தப் பக்கம் என்ன நடக்குன்னு ஏன் எட்டி எட்டிப் பாக்கிய?"

"பிள்ளை குதிக்கப் போறா மிஸ்."

"அதை நான் பாத்துக்கிடுதேன். உங்களுக்கு உடம்புல குறை ஒண்ணும் இல்ல. ஒல்லியா இருக்கவங்களும் மிதப்பாங்க, கொஞ்சம் கீழ இறங்கி மிதப்பாங்க, அவ்வளவுதான். நீங்க பார்வையை விட்டாப் போதும். இங்கயே மிதங்க, கயிறு தாண்டி வராதீங்க."

பார்வையை விட்டாப் போதுமாம். மிஸ்ஸுக்குத் தெரியாது. வடிவு அந்த வீட்டில் இத்தனை வருஷமும் பார்வையை வைத்துத்தான் பிழைத்தாள். பஸ்ஸை விட்டு இறங்கிக் கதவைத் திறக்கும்போதே பிள்ளை எந்த மடியில் இருக்கிறது என்று கண் தேடும். எந்தத் தட்டில் மீந்திருக்கிறது, எந்த ரிப்பன் புதுசு, ரெண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தது இவள் வந்ததும் ஏன் நின்றது, எல்லாம் பார்ப்பாள். செருப்பைக் கழற்றும் முன் பார்த்து முடித்துவிடுவாள். ஒரு நாளும் தப்பாக எதுவும் அகப்பட்டதில்லை, அகப்படாததே சந்தேகமாக இருக்கும். ஒரு தடவை, பிள்ளைக்கு ஒரு வயசு இருக்கும்போது, வடிவு அரைநாள் லீவில் சத்தம் போடாமல் வந்தாள். செண்பகவல்லி முற்றத்தில் பெரிய அலுமினியச் சட்டியில் தண்ணீர் நிரப்பிப் பிள்ளையை உட்காரவைத்துக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். முதுகுக்கு ஒரு கை கொடுத்து மல்லாத்தினாள். பிள்ளையின் காது முங்கிற்று, முகம் மட்டும் மேலே. மெல்லக் கையை எடுத்தாள். பிள்ளை மிதந்தது. அழவில்லை, அவள் முகத்தைப் பார்த்துப் முளைத்த ரெண்டு பல்லைக் காட்டிச் சிரித்தது. வடிவு கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள். உள்ளே போகவில்லை. தெருமுனை வரைக்கும் போய்விட்டு, வழக்கமான நேரத்தில் வருவதுபோலத் திரும்பி வந்தாள். ஏன் போனாள் என்று இன்றைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. அந்தக் கை எடுத்த நொடிதான் அடிக்கடி வரும். பயமில்லாமல் எடுத்தாளே. பிள்ளையும் பயமில்லாமல் கிடந்ததே. பெற்றவள் நான், எனக்கு அந்தச் சட்டித் தண்ணீரைப் பார்த்தே பயம்.

ஆழத்துப் பக்கம் விசில் ஊதிற்று. முதல் பிள்ளை குதித்தது, கைதட்டினார்கள். இரண்டாவது அழுதுகொண்டே குதித்தது. வரிசையில் தர்ஷிகா, மஞ்சள் தொப்பி, குச்சிக் கால், முட்டி ஒட்டி நிற்கிறாள். என் உடம்பு அவளுக்கு. இதையாவது யாரும் எடுத்துக்கொள்ள முடியாது, முங்குகிற உடம்பு. ஐயோ, முங்கிவிடுவாளோ? மிஸ் இருக்கிறாள். அக்கா இருக்கிறாள். எல்லோரும் இருக்கிறார்கள், நான்தான் கம்பியில் இருக்கிறேன். அந்தப் பக்கம் போகக் கூடாது என்று மிஸ் சொல்லிவிட்டாள். இனி முகம் காட்ட முடியாது. அப்படியென்றால் என்ன மிச்சம்? மிதக்கவாவது மிதக்கலாம். பிள்ளை தற்செயலாகத் திரும்பினால் அம்மா கம்பியில் இல்லை என்றாவது தெரியட்டும். வடிவு துப்பட்டாவை உருவித் திண்டில் எறிந்தாள். மூச்சை இழுத்தாள். சாய்ந்தாள். காது முங்கியது. கூச்சல் அத்தனையும் ஒரு கதவுக்கு வெளியே போயிற்று. கேட்டது அவள் மூச்சு மட்டும், அப்புறம் நெஞ்சு அடிக்கிற சத்தம். தகரக் கூரையில் ஒரு ஓட்டை, அது வழியாக வெயில். அதைப் பார். அதை மட்டும் பார். அந்தப் பக்கம் என்ன சொல்கிறார்கள்? தெரியாது. எந்த மடி, எந்தத் தட்டு? தெரியாது. கழுத்து தானாகத் தூக்கப் பார்த்தது, கால் இறங்கத் தொடங்கியது, தலையை மறுபடி தண்ணீரிடம் கொடுத்தாள், கால் ஏறிவந்தது. தலை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் நெஞ்சுக்குள் கொஞ்சம் காற்று, அதுதான் தராசு. கன்னம் வரைக்கும் தண்ணீர், இன்னும் ஒரு விரல் ஏறினால் மூக்குக்குள், ஆனால் ஏறவில்லை, அங்கேயே நின்றது. மிதக்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். யாரும் கை கொடுக்கவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை.

அப்போது தண்ணீர் அவளை ஒருமுறை தூக்கி இறக்கியது. எங்கிருந்தோ வந்த அலை, முதுகுக்கு அடியில் புகுந்து மெல்ல ஏற்றி, இறக்கி, சுவரில் மோதித் திரும்பி இன்னொரு தரம் ஏற்றியது. குதித்துவிட்டாள். வடிவுக்குத் தெரிந்துவிட்டது. மற்ற பிள்ளைகள் குதித்த அலையும் இப்படித்தான் வந்திருக்கும், ஆனாலும் இது தர்ஷிகா என்று உடம்புக்குத் தெரிந்தது. தலையைத் தூக்கலாம். தூக்கினால் பார்க்கலாம், யார் கழுத்தை அந்தக் குச்சிக் கை கட்டிக்கொண்டிருக்கிறது என்று. தூக்கவில்லை. பார்க்காத வரைக்கும் பிள்ளை யாரிடமும் போய்ச் சேரவில்லை, வெறும் அலையாகத்தான் இருக்கிறாள், என் முதுகுக்குக் கீழே இருக்கிறாள். அலை சிறுத்துச் சிறுத்து அடங்கும் வரைக்கும் கூரை ஓட்டையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண் ஓரத்தில் வழிந்தது குளத்துத் தண்ணீர்தானா என்று அவளுக்கே சந்தேகம்.

உடை மாற்றுகிற அறையில் தர்ஷிகா அடுத்த தடுப்புக்குள் ஷவரைத் திறந்துவிட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். செண்பகவல்லி நைட்டியை மாட்டிக்கொண்டு வந்து, வடிவின் துப்பட்டாவை வாளியிலிருந்து எடுத்தாள்.

"பாத்தியா வடிவு?"

"இல்லக்கா. காது முங்கிக் கிடந்துச்சு."

"உன்னையத்தான் கூப்பிட்டா. பெரிம்மா, அம்மா கம்பியை விட்டுட்டான்னு முதல்ல அவதான் கண்டா. பொறவு அம்மா பாரு, அம்மா பாருன்னு தொண்டை கிழிய ஒரே கத்து. நீ அசையலை. அம்மாவுக்குக் கேக்காதுட்டி, நீ குதி, அம்மா தண்ணிக்குள்ளதான இருக்கான்னேன். குதிச்சுட்டா."

கூப்பிட்டிருக்கிறாள். பத்து வருஷம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றவள், கூப்பிட்ட ஒரே நேரத்தில் காதை மூடிக்கொண்டு கிடந்திருக்கிறாள். செண்பகவல்லி துப்பட்டாவின் ஒரு முனையை வடிவின் கையில் கொடுத்தாள். ஈரத்துணியை ஒற்றையாகப் பிழிய முடியாது, வீட்டில் போர்வை பிழிவது போல இருவரும் எதிரெதிராக நின்று முறுக்கினார்கள். சிமெண்டுத் தரையில் தண்ணீர் கொட்டியது.

"ஜூனுக்குள்ள நீயும் நல்லா பழகிக்கோ" என்றாள் செண்பகவல்லி, முறுக்கிக்கொண்டே. "கடல் இருக்கிற ஊரு. லீவு விட்டா பிள்ளை கால் நனைக்கணும்னு நிப்பா. கூட நிக்கவளுக்கும் நீச்சல் தெரிஞ்சிருக்கணும்லா."

வடிவின் கை நின்றது. "யாருக்கா சொன்னா?"

"உன் வீட்டுக்காரர் வாயில எது நின்னிருக்கு? தை மாசமே அவுக அண்ணன்கிட்ட சொல்லிட்டாரு. இல்லைன்னா எனக்கு முட்டுவலிக்கு என்ன நீச்சல்? வெந்நி ஒத்தடம் போதாதா?" சிரித்தாள். கண் சிரிக்கவில்லை. "பிடியை விடாத, முறுக்கு."

வடிவு முறுக்கினாள். இவள் திட்டியிருக்கலாம். என் பிள்ளையைக் கொண்டு போகிறாயே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உன் பிள்ளையா என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டுவிட்டு நிம்மதியாகப் போயிருக்கலாம். தை மாசத்திலிருந்து தெரிந்துகொண்டே நெய் விட்டிருக்கிறாள், தலை பின்னியிருக்கிறாள், பிரிந்து போகிறவர்கள் முங்கிவிடக் கூடாதே என்று ஒரு டாக்டரையே கற்பனை பண்ணியிருக்கிறாள். இதிலும் அவள்தான் முந்திக்கொண்டாள். அழுகை வருவதற்கு முன்னால் பொறாமைதான் வந்தது, அப்புறம்தான் அழுகை. இரண்டையும் சேர்த்து விழுங்கினாள். போகத்தான் போகிறார்கள், சாவி உள்ஜிப்பில்தான் இருக்கிறது. ஆனால் கைப்பைக்குள் அது எவ்வளவு கனம் என்று இனிமேல்தான் தெரியப்போகிறது.

அடுத்த தடுப்பில் ஷவர் நின்றது. "பெரிம்மா! துண்டு!"

தெளிவாகத்தான் கூப்பிட்டாள். செண்பகவல்லி துணியை உதறி மடித்தாள், தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் காதைத் தட்டிக்கொண்டாள்.

"எனக்குக் காதுக்குள்ள தண்ணி வடிவு. ஒண்ணும் கேக்கலை. அம்மாவைக் கூப்பிடுதா போல. நீ போ."

துண்டு வடிவின் தோளில்தான் கிடந்தது. எடுத்தாள். இரண்டு எட்டு நடந்தாள். திரும்பி வந்து அதை ஓரகத்தியின் கையில் வைத்தாள்.

"உங்களைத்தான் கூப்பிடுதா. போங்கக்கா" என்றாள். சொல்லும்போது வயிறு எரியத்தான் செய்தது.